கடைசிப் பதினாறு பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு நடுவில் அழுகை வந்துவிடும், அதனால்தான் காகிதம். உன் தம்பி இதைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவான், தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை. அவன் பட்டறையில் இந்த மாதம் முழுக்கக் காலை ஷிப்ட், அதனால் வீட்டில் எல்லோருக்கும் காலை ஷிப்ட். அப்பா படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் வைத்திருக்கிறார், டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் மட்டும் முழங்கால் சரியாகிவிட்டது என்கிறார்.

நீ அனுப்பிய நாவலின் அச்சுப்படியும் உன் முன்னுரையும் வந்து சேர்ந்தன. முன்னுரையை மூன்று தரம் படித்தேன், அழகாக எழுதியிருக்கிறாய், அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன். நாவலைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயம் உனக்குத் தெரியாததில்லை. இருபத்தெட்டு வருஷம் நூலகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவள் நான், நூறு வருஷத்துக்கு முந்தைய இந்த இங்கிலாந்து நாவல்கள் எத்தனை என் கையால் தைபட்டிருக்கும் என்று கணக்கே கிடையாது. பசை காயும்வரை வேறு வேலை இல்லாமல் பத்திருபது பக்கம் படிப்பேன். பத்துப் படித்தால் போதும், மீதி நூறும் படித்த மாதிரிதான். பெரிய வீடு, அதில் ஒரு கர்னல், கர்னலுக்கு ஒரு நாய், மழையில் கால் சுளுக்கிக்கொள்ளும் ஒரு பெண், உயில் எங்கே என்று வீட்டையே புரட்டும் சொந்தக்காரர்கள். அரைத்த மாவையே அரைத்து, எல்லாவற்றையும் முந்நூற்று இருபது பக்கத்தில் நறுக்கி நிறுத்தியிருப்பார்கள். ஒரு காலத்தில் ரயில் நிலையக் கடைகளில் சக்கைப்போடு போட்டதாம், போடட்டும், ரயில் தாமதமானால் மனுஷன் எதைத்தான் படிக்கமாட்டான். அப்புறம் உலகம் மறந்தது, நல்ல காரியம் செய்தது. இப்போது உன் பதிப்பகத்தார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவற்றைத் தேடி எடுத்து, தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். மறந்துபோனது என்ற ஒன்றே தகுதியா, என் பழைய மூக்குக்கண்ணாடியைக்கூட நாங்கள் மறந்துதான் போனோம், அதற்கு யாரும் முன்னுரை எழுதவில்லை.

நீ இரண்டு வருஷம் முன்னால் வந்தபோது நம் நூலகத்துப் பின்னறையில் இப்போது அச்சாகப்போகும் இந்த மூத்தவள் கதையைக் கண்டுபிடித்துப் பக்கம் பக்கமாய்ப் படம் எடுத்துப் போனாயே, வேறெங்குமே பிரதி இல்லை என்று குதித்தாயே, அன்றைக்கு அதைக் குப்பை என்று நான் சொல்லாமல் விட்டேன், பிள்ளை சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று. மூன்று சகோதரிகள், ஆளுக்கொரு நாவல், எழுதியது ஒரே அம்மாள். மூத்தவள் கதை பத்தோடு பதினொன்றுதான், ஆனால் கடைசி அத்தியாயம் மட்டும் வேறு மாதிரி என்கிறாய். அவள் யாரையும் கட்டிக்கொள்ளாமல் தனியாகக் கப்பல் ஏறிப் போகிறாள், துறைமுகத்தில் வழியனுப்ப ஒருத்தரும் இல்லை, அவள் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. காலத்துக்கு ஐம்பது வருஷம் முந்திய துணிச்சல் என்று எழுதியிருக்கிறாய். உன் முதலாளியும் அந்த முடிவைப் படித்துத்தான் இந்த வரிசை முழுவதையும் உன் பொறுப்பில் விட்டு, வேலையை நிரந்தரமாக்கினார் என்றாய். நான் அச்சுப்படியில் அந்த இடத்துக்கு வந்தேன். கப்பலில் அவள் கைக்கு அப்பாவின் கடிதம் வருகிறது, இனி இந்தப் பக்கம் வராதே, கடிதமும் போடாதே என்று. ஒன்பதாம் அத்தியாயத்திலேயே அந்த அப்பனைப் புதைத்தாயிற்றே. இறந்தவரின் குரல் வழியாகப் பழைய சமூகமே பேசுகிறது, புதுமையான உத்தி என்று முன்னுரையில் நீ விளக்கம் கொடுத்திருக்கிறாய். செத்தவர் கடிதம் போடமாட்டார் கண்ணு, அந்த அம்மாளுக்கு உத்தியெல்லாம் தெரியாது.

மறுநாளே நூலகம் போனேன். புதிதாக வந்திருக்கும் நூலகர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "அந்த ரூமுக்கு யாரும் போறதில்லம்மா, பூச்சி கீச்சி இருக்கும், பாத்துப் போங்க" என்றார். நடுவுள்ளவள் கதையைத் தேடி எடுத்தேன், மூத்தவள் கதையோடு அதையும் ஒரே சமயத்தில் நான்தான் தைத்தேன், என் தையல் எனக்குத் தெரியாதா. கடைசிப் பதினாறு பக்கத்தைப் பிரித்தால் மூத்தவள் கர்னலின் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு, மயங்கி விழுந்து, கல்யாணம் செய்துகொள்கிறாள். அவள் பேர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டில் நான் தைத்ததற்குப் பிறகு ஒன்பது தேதி முத்திரை, ஒன்பது பேர் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள், நடுவுள்ளவள் கதையில் மூத்தவளுக்கு எப்படிக் கல்யாணம் என்று ஒருத்தர் கேட்கவில்லை. இதுதான் இந்த நாவல்களின் லட்சணம்.

நடந்தது இதுதான். ஒரு மழையில் கூரை ஒழுகி இந்த இரண்டு புத்தகமும் நனைந்து பிரிந்து வந்தன. பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று பிரித்து, கொடியில் கிளிப் மாட்டிக் காயப் போட்டேன். ஒவ்வொரு பாரத்துக்கும் முதல் பக்கத்து அடியில் வரிசை காட்ட ஓர் எழுத்து இருக்கும், அதைப் பார்த்துத்தான் அடுக்குவோம். இரண்டு நாவலும் ஒரே அளவு, கடைசிப் பாரத்தில் அதே எழுத்து, அதே பக்க எண், அதே இடத்தில் கடைசி அத்தியாயம். மேலே கறை பிடித்திருந்ததால் அடுக்குவதற்கு முன்பே கத்தியால் தாராளமாக வெட்டிவிட்டேன், பக்கத்தின் உச்சியில் இருந்த புத்தகத் தலைப்பு அதோடு போயிற்று. சட்டப் புத்தகம், வைத்தியப் புத்தகம் என்றால் பாரம் சேரும் இடத்தில் முந்தைய வரியையும் அடுத்த வரியையும் படித்துப் பார்க்காமல் ஊசி எடுக்கமாட்டேன். இதற்குப் பார்க்கவில்லை. இந்தக் குப்பைக்கு இது போதும் என்று வாய்விட்டுச் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. கொடியில் கலந்த கடைசிப் பாரம் இரண்டும் புத்தகம் மாறிவிட்டன. கப்பல் ஏறிப் போனது நடுவுள்ளவள், அவள் கதை நடக்கும்போது அப்பன் உயிரோடுதான் இருக்கிறான். அப்பன் பேச்சை மீறியதற்காக அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள், அதனால்தான் வழியனுப்ப ஆள் இல்லை. துணிச்சல் என்று நீ கொண்டாடியதை அந்த அம்மாள் தண்டனையாகத்தான் எழுதியிருக்கிறாள். அத்தியாயம் முழுக்கப் பேரே சொல்லாமல் அவள் அவள் என்று எழுதித் தொலைத்திருப்பதால் உனக்குத் தெரிய வழியில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "விட்டுடு, அது முதலாளிக்கே புடிச்ச முடிவு, யாருக்குத் தெரியப்போவுது, புள்ள வேலையில மண்ணைப் போடாத" என்றார். இரண்டு நாள் நானும் அப்படியே இருந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் நடுவுள்ளவள் கதை அந்த அலமாரியில் இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு உன்னைப் போல ஒருத்தி வந்து பிரிப்பாள், அப்போது தலைகுனிவது நீ. அடுத்தவர் எழுத்தைக் குப்பை என்று காலமெல்லாம் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன், அதில் குப்பையாக இருந்தது என் வேலைதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் மேல் விழுந்துவிட்டதே என்று பயமாகவும் இருக்கிறது.

இரண்டு புத்தகத்தின் கடைசிப் பாரத்தையும் உன் தம்பி படம் எடுத்திருக்கிறான், இதோடு வரும். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாயே, அதற்குள் நிறுத்து. முதலாளியிடம் நீயே சொல், யாரோ தவறு செய்தார்கள் என்று பூசி மெழுகாதே, என் அம்மா தப்பாகத் தைத்தாள் என்று சொல். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு வார்த்தைகூடக் குறைக்காதே. வேலை போனால் வீட்டுக்கு வா, இங்கே அறை இருக்கிறது, அப்பாவின் முனகலும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். துரத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, இவள் தானாகத்தான் போகிறாள் என்று நினைத்தாயே, அதை எழுதிய அம்மாளுக்கே அது தோன்றவில்லை. தப்பு என் தையலில்தான் இருந்தது, உன் படிப்பில் இல்லை.

நல்ல உடம்போடும் நிமிர்ந்த தலையோடும் நீண்ட காலம் இரு. கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லி நாலு மாதம் ஆகிறது, முதலில் அங்கே போ. பதில் எப்படி இருந்தாலும் போடு.

உன் வரவையும் பதிலையும் ஒரே மாதிரி எதிர்பார்த்திருக்கும்,
அம்மா