கனத்த பெடல்

இன்று மத்தியானம் செங்கல்பட்டு மேம்பாலத்தில் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று ஏற முடியாமல் நின்றுவிட்டது. டிரைவர் எஞ்சினை அலறவிட்டுப் பார்க்கிறார், வண்டி அசையவில்லை. ஸ்கூட்டரோடு பின்னால் மாட்டிக்கொண்டிருந்த என் மேல் அந்த வாசனை வந்து மோதியது. கருகும் கிளட்ச் பிளேட்டின் வாசனை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் மூச்சை இழுத்தேன். போய்ச் சேர்ந்துவிட்ட உன்னோடு பேச எனக்கு இப்படி ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

முதல்முதலில் அந்த வாசனை உன் காரில்தான் வந்தது. "எவனோ செருப்ப கொளுத்துறான்டி" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை இறக்கி வெளியே தேடினாய். எரிந்துகொண்டிருந்தது உன் வண்டிதான்.

நம் இருவருக்கும் கேளம்பாக்கத்தில் ஒரே ஆபீஸ், ஒரே ஃபிளாட். நான் கல்பாக்கம் டவுன்ஷிப்பில், பத்து தடவை யோசித்து ஒரு தடவை செய்யும் வீட்டில் வளர்ந்தவள். நீ கொக்கிலமேட்டுக் கடற்கரைப் பெண். திரும்பி வரும் படகு யாருடையது என்று எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாய். நம்மோடு வேலை பார்த்தவர்களெல்லாம் நகைக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, டர்போ வைத்த பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாய். அதுவும் போதாமல் எஞ்சினின் சக்தியை வேறு கூட்டி வைத்தாய். எஞ்சினைச் சக்கரங்களோடு இணைக்கும் பழைய கிளட்ச் அதைத் தாங்கவில்லை. ஈ.சி.ஆர். ரோட்டில் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் துள்ளியது, வண்டி வேகம் எடுக்கவில்லை.

செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்தில் இருந்த ரஹீம் அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். புது கிளட்ச், அதை அழுத்திப் பிடிக்க இன்னும் இறுக்கமான பிரஷர் பிளேட், கூடவே எடை குறைந்த ஃப்ளைவீல். எஞ்சினின் வேகத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும் அந்த இரும்புச் சக்கரத்தை எனக்கு விளக்க, பழையதைத் தூக்கி என் மடியில் வைத்தாய். அம்மிக்கல் மாதிரி இருந்தது. பிறகு புதியதை வைத்தாய்.

"இப்ப இன்னா தெரியுது?"

"சேலை பாழாப் போச்சுன்னு தெரியுது."

"லேசா கீதுல்ல? இனிமே மிதிச்சா சட்டுனு ஏறும், வுட்டா சட்டுனு எறங்கும். எஞ்சினு நம்ம சொன்ன பேச்சு கேக்கும்."

அன்றைக்கு உனக்கு இருந்த சந்தோஷத்தை அதற்கப்புறம் நான் யாரிடமும் பார்க்கவில்லை. ரேஸ் ட்ராக்கில் நடக்கவிருந்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாய். புது கிளட்ச் பழகும்வரை நிதானமாக ஓட்டச் சொல்லியிருந்தார் ரஹீம் அண்ணன். நீயும் தினமும் ஆபீஸ் ட்ராஃபிக்கில் பொறுமையாக ஊர்ந்தாய்.

கிளட்ச் பெடல் கனமாக இருக்கிறது என்று நீ முதலில் சொன்னபோது நாம் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. இறுக்கமான கிளட்ச் அப்படித்தான் இருக்கும். ஆனால் பழகப் பழக இன்னும் கனக்கிறது என்றாய். ரஹீம் அண்ணன் கிளட்ச் ஆயிலை மாற்றி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றிக் கொடுத்தார். சரியாகவில்லை. மறுபடி கியர்பாக்ஸை இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் கரீட்டா கீதும்மா" என்று தலையைச் சொறிந்தார். உனக்குக் கோபம் வந்தது. "நீ மிதிச்சுப் பாருடி, அப்பதான் இவருக்குப் புரியும்" என்று என்னை ஸ்டீயரிங் பின்னால் உட்கார வைத்தாய்.

மிதித்தேன். கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் அடிவரை போய்விட்டது.

நீ என்னைப் பார்த்தாய். பெடலைப் பார்த்தாய். பிறகு குனிந்து உன் இடது காலைப் பார்த்தாய். மாமல்லபுரத்தில் மணலில் நடக்கும்போது இடது செருப்பு மட்டும் கழன்று கழன்று போவதைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டிருந்தோமே, அது நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். "வண்டில ஒண்ணும் இல்லண்ணா" என்று ரஹீம் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, நிறுத்த மருந்து இல்லை என்றார் டாக்டர். அந்த நோயின் பெயரை நீ கடைசிவரை உச்சரிக்கவில்லை. அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

பந்தய நாள் வந்து போனது. பழைய கிளட்சையே திரும்பப் போட்டுவிடலாம், இல்லையென்றால் கிளட்சே இல்லாத வண்டி வாங்கலாம் என்று நான்தான் கிடந்து தவித்தேன். "இன்னிக்கு காலுக்காக மாத்துவ. அப்பால கைக்கு. அப்பால கழுத்துக்கு. எத்தினி வாட்டிடி மாத்துவ?" என்றாய். அழவில்லை. சாவியை என் மடியில் போட்டாய்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் ஓட்டினேன், நீ பக்கத்தில் உட்கார்ந்தாய். கல்பாக்கம் வரைக்கும், சில நாள் வேடந்தாங்கல் வரைக்கும். லேசான அந்த ஃப்ளைவீலோடு எனக்கு ஒத்துப்போகவே இல்லை. சிக்னலுக்குச் சிக்னல் வண்டி அணைந்து போகும், பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். "அவன் கெடக்கான். நீ சத்தத்த கேளு" என்பாய். எஞ்சின் குரல் உயரும்போது "இப்ப" என்பாய். நான் மிதித்து கியர் மாற்றுவேன். உனக்குப் பேச்சு குழறத் தொடங்கியதும் என் முழங்கையில் விரலால் தட்டினாய். விரலும் ஓய்ந்த பிறகு, ஓரக்கண்ணால் நீ இமைப்பதைப் பார்த்துப் பார்த்து மாற்றினேன். கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ கண்ணையே திறக்கவில்லை. மூன்றாவது கியரிலேயே வீடுவரை வந்து சேர்ந்தேன்.

உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று உங்கள் குப்பத்திலிருந்து ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. ரஹீம் அண்ணன் ஒர்க்‌ஷாப் உடுப்போடு அப்படியே வந்து, பந்தலுக்கு வெளியே கடைசிவரை நின்றுகொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து உன் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அவ வண்டி கண்ணுல பட்டுகினே கீது தாயி. யாருக்காச்சும் குடுத்துடு" என்றார்கள். பந்தயம் ஓட்டும் ஒரு புருஷன் பெண்டாட்டி பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்தான் ஓட்டப் போகிறவள். கிளட்ச் கனமாக இருக்கும் என்று நான் எச்சரித்தேன். அவள் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள்.

"அப்படி ஒண்ணும் கனமா இல்லியேக்கா" என்றாள்.

"இல்லதான்" என்றேன். அவள் நன்றாக ஓட்டிக்கொண்டு போனாள். தெரு முனையில் திரும்பும்போது சரியான இடத்தில் கியர் மாற்றினாள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது.

நம் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டேன்; இப்போதெல்லாம் சென்னைக்குள்ளிருந்து ஆபீஸ் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வருவேன். நாவலூர் தாண்டி ரோடு காலியானதும் டிரைவர் வேகம் எடுப்பார், எஞ்சின் குரல் உயரும். தூக்கத்திலேயே என் இடது கால் தரையை அழுத்துகிறது. அவர் கியரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால். பக்கத்து சீட்டுக்காரி ஒருநாள் கவனித்துவிட்டு, "காலுக்கு என்னப்பா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.