எழுந்து நின்றவனை மறுபடியும் விசாரிக்கக் கோரி

அனுப்புநர்:
அ. ஜெயக்கொடி,
நூற்பாலைத் தொழிலாளி,
பழங்காநத்தம், மதுரை.

பெறுநர்:
உயர்திரு மறுவாழ்வு அலுவலர் அவர்கள்,
மதுரை மாவட்டம்.

பொருள்: ஊனமுற்றோர் இல்லத்தில் நடந்த மனச்சோர்வுப் பரிசோதனையில் என் தம்பி விருமாண்டி விடுபட்டது – வெள்ளிக்கிழமைக்குள் மறுபரிசோதனை வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பேரையூர் அருகே எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது வெடி முந்திக்கொண்டதில் என் தம்பி இரண்டு கைகளையும் தோளோடு இழந்தான். ஓராண்டாகக் கீழக்குயில்குடி சாலையிலுள்ள இல்லத்தில் இருக்கிறான்.

2. சென்ற மாதம் அங்கே மனச்சோர்வு உள்ளவர்களைக் கண்டறிய ஒரு டாக்டர் வந்தார். நல்ல காரியம்தான். ஆனால் எல்லோரையும் கூடத்தில் ஒன்றாக உட்கார வைத்து, வாழப் பிடிக்காதவர்கள் கை தூக்கலாம் என்றார். நாலு பேர் பார்க்க யார் தூக்குவார்கள்?

3. என் தம்பி எழுந்து நின்றான். அவனைப் பார்க்கப் போயிருந்த நான் வாசலிலிருந்து கண்டேன். அந்த இல்லத்தில் அவன் எழுந்தால் ஒதுங்கப் போகவேண்டும் என்று பொருள். வேட்டியை அவிழ்க்க ஆள் வேண்டுமே. உதவியாளர் நல்லகாமன், “வா மாப்ள, போயிட்டு வந்திருவோம்” என்று அன்பாகவே அழைத்துப் போய்விட்டார். அவர்கள் திரும்புவதற்குள், ஒருவருக்கும் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

4. பிறகு தம்பியிடம் விசாரித்தேன். “கையத் தூக்கச் சொன்னாரு. எந்திரிச்சேன்க்கா” என்றான். மேற்பார்வையாளரிடம் ஓடினேன். “இப்பத்தாம்மா தெளிஞ்சிருக்கான். ஒரு தொந்தரவும் இல்ல. நீங்க கெளப்பி விடாதீங்க” என்றார். தெளிந்தவன் தன் ரேடியோவை நல்லகாமனுக்குக் கொடுத்துவிட்டான். நான் போகும்போதெல்லாம், “கெணத்துல இப்ப எம்புட்டுத் தண்ணி கெடக்கு?” என்று கேட்கிறான். மழையைப் பற்றியோ வெள்ளாமையைப் பற்றியோ கேட்பதில்லை.

5. குறையில்லாதவன் என்பதால் வருகிற வெள்ளிக்கிழமை அவனைத் தோட்டத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பகலில் ஆளில்லாத வீடு. கிணற்றுக்கு இன்னும் சுற்றுச்சுவர் எழுப்பவில்லை.

ஆகவே அவனை அனுப்புவதை நிறுத்தி, ஒரு டாக்டர் தனியாக அவனருகே உட்கார்ந்து பேச உத்தரவிட வேண்டுகிறேன். நல்லகாமன் மீது நடவடிக்கை வேண்டாம். அவர் நல்ல மனிதர். உத்தரவு வரும்வரை, என் தம்பி எழுந்து நின்றால், வெளியே கூட்டிப் போகுமுன் என்ன வேண்டும் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
அ. ஜெயக்கொடி

இடம்: மதுரை
நாள்: 12.3.1984