நீலப்பூத் தட்டு

செவ்வாய்க்கிழமை, தாம்பரம்

ஆராய்ச்சி ரிவ்யூவுக்கு வரும் எக்ஸாமினருக்கு டிபன் நாம்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் காலேஜ் வழக்கம் அப்படி. வீட்டிலேயே போண்டா சுட்டு, நீலப்பூ போட்ட பீங்கான் தட்டில் வைத்து நீட்டினேன். ஒன்றைக் கடித்துக்கொண்டே மனிதர் தட்டைப் போட்டோ எடுத்தார். "பலகாரத்தைப் படமெடுத்துக் கொடுத்தா, உங்க சிஸ்டம் அதே மாதிரி படங்களைத் தேடித் தரும்தானே? தேடுங்க பார்ப்போம்" என்றார்.

போண்டா ஒன்றுகூட வரவில்லை. பூரி, கேசரி, உப்புமா வந்தன, எல்லாம் அதே தட்டில். இத்தனை மாதமும் அதில் வைத்துத்தான் படமெடுத்தேன். பாழாய்ப்போன சிஸ்டம் பலகாரத்தை விட்டுவிட்டுத் தட்டைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் படமாக, மாமனாரின் பல்செட். "உங்கப்பா எதுல வைக்கிறார் பாருங்க" என்று கணவருக்கு அனுப்பிய படம். மொபைலில் இருந்ததையெல்லாம் ஏற்றியபோது அதுவும் சேர்ந்துவிட்டது.

எக்ஸாமினர் திரையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கடித்த போண்டாவை மெதுவாகக் கீழே வைத்தார். என் கைடு வேறு, "சார், ஒருவிதத்துல ரிசல்ட் கரெக்ட்தான்" என்றார்.

வீட்டில் மீதியை மாமனார் ருசித்துச் சாப்பிட்டார். "நல்லாத்தானேம்மா இருக்கு, அந்த சார் ஏன் சாப்பிடல?"

தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். இப்போது தண்ணீர் குடிக்கப் போனால், பல்செட் அதில்தான் இருக்கிறது.