நம்பர் எடுத்து உட்கார்ந்த மாமாவுக்கு

என்னை ஒரு தடவைகூடத் திட்டாத, ஆனால் பார்த்த முதல் நாளே என்னிடம் திட்டு வாங்கிய என் அன்பு மாமா,

முதலில் என் மானம் போன கதை. போன செவ்வாய்க்கிழமை, நீங்கள் நிர்வாகியாக இருந்த அதே ஆஸ்பத்திரிக்குக் கால் விரல் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனேன். ஒரே கூட்டம். கவுண்டரில் இருந்த தாதியிடம் குரலைத் தாழ்த்தி, "மிஸ்ஸி, நான் பழைய நிர்வாகியோட மருமகன்" என்றேன்.

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்படியா? அவரே நம்பர் எடுத்துத்தான் உட்காருவாரு. நீங்களும் எடுங்க லா."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எண்பத்தேழாம் நம்பரோடு நொண்டிக்கொண்டே ஓரத்து நாற்காலிக்குப் போனேன்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு புத்தகத்தை மூடியவன்தான் நான். ஆனாலும் இதை மறந்திருக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால், காஹாங் செம்பனை எண்ணெய் ஆலையில் கை விரலை நசுக்கிக்கொண்டு இதே கூடத்தில்தானே காத்திருந்தேன்? பக்கத்து நாற்காலியில், கையில் நம்பர் சீட்டோடு நீங்கள். வலி தாங்காமல் உங்களிடம் கத்தினேன்: "இந்த ஆஸ்பத்திரிய நடத்துறவன் தூங்குறானா அங்கிள்?"

"இருக்கலாம் தம்பி" என்றீர்கள். ஜனங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க, வாரம் ஒரு நாள் நீங்களே நம்பர் எடுத்து உட்காருவீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஆறு மாதம் கழித்துப் பெண் பார்க்க வந்தால், கதவைத் திறந்தவர் நீங்கள். அலமாக்! திரும்பி ஓடலாம் என்று பார்த்தேன், அம்மா சட்டையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் என் கையைத்தான் பார்த்தீர்கள். "விரல் ஆறிடுச்சா தம்பி? உள்ள வாங்க. நான் முழிச்சுத்தான் இருக்கேன்."

ஓய்வு பெற்ற பிறகாவது விட்டீர்களா? தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு நம் வீட்டுக் குளியலறைக்கே நம்பர் கொடுத்தீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு முதல் நம்பர், உங்களுக்குக் கடைசி. வெந்நீர் தீர்ந்து நீங்கள் பச்சைத் தண்ணீரில் குளித்தது எங்களில் யாருக்காவது உறைத்ததா? இந்த வருஷம் உங்கள் பேத்தி நம்பர் எழுதினாள். கடைசிச் சீட்டை என் கையில் வைத்து, "இது தாத்தா நம்பர்ப்பா, தொலைச்சிடாதீங்க" என்றாள். தண்ணீர் நல்ல ஜில்லென்றுதான் இருந்தது, மாமா.

என் சர்க்கரை நோய்க்கு மாதா மாதம் என்னை இழுத்துக்கொண்டு போனவரும் நீங்கள்தான். நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு நான்கு மாதம் நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கலாவிடம் வேலை என்று சொன்னேன். உங்கள் மகள் நம்பினாளா, தெரியவில்லை. உங்கள் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். அதன் பலன்தான் இந்தக் கால் விரல்.

"ஒழுங்கா வந்தா விரலக் காப்பாத்திடலாம் அங்கிள். வராம இருந்தா எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை கட்டை அவிழ்த்ததும் புண்ணில் சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது. "நல்லா ஆறுது" என்றார் டாக்டர். எண்பத்தேழாம் நம்பர் வரும்வரை காத்திருந்தது வீண் போகவில்லை.

இனி டாக்டர் வரச் சொல்லும் ஒரு தவணையையும் தவறவிட மாட்டேன், மாமா. நம்பர் எடுத்துத்தான் உட்காருவேன். உங்கள் பேரையும் சொல்ல மாட்டேன்.

உங்கள் கடைசி வாரத்தில், வார்டில் என் கையைத் தட்டிக் கேட்டீர்களே, "சொல்லுங்க மாப்பிள்ள, நடத்துறவன் தூங்குறானா?" என்று. நானும் சிரித்துக்கொண்டே, "இன்னும் அப்படித்தான் மாமா" என்றேன். தொண்டை வரை வந்தது வேறு. அதை அன்றைக்குச் சொல்லவில்லை.

நீங்கள் தூங்கவே இல்லை, மாமா. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கொஞ்சம் தூங்குங்கள்.

கை விரல் பத்தும், கால் விரல் பத்தும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கும்,
உங்கள் மருமகன்.