நான் மறைத்த கப்பல்

ஜன. 23, வெள்ளி
நிக்டியில் நல்ல குளிர். பால், உளுந்து, வெள்ளைச் சட்டை இஸ்திரிக்கு.

குடியிருப்பு வாசல் கேட்டில் சொசைட்டி செயலாளர் குல்கர்னி பிடித்துக்கொண்டார். 26 கொடியேற்றம், நான்தான் பேச வேண்டுமாம். "போர்க்கப்பல் அனுபவம், ரெண்டு வார்த்தை." தலையாட்டிவிட்டேன். வெட்கங்கெட்ட தலை.

இங்கே வந்த நாள் முதல் சொல்லிவைத்திருப்பது, நான் இருந்தது போர்க்கப்பல் என்று. உண்மை: கோதுமை ஏற்றிய சரக்குக் கப்பல். கடற்படை வாங்கி, சாம்பல் பெயின்ட் அடித்து, கோதுமை கிடந்த இடத்தில் லேத் மெஷின் வைத்தது. மற்ற கப்பல்களுக்கு டீசல், தண்ணீர், உருளைக்கிழங்கு, ரிப்பேர். பீரங்கிக்கு மேடை மட்டும் கட்டினார்கள். அதில் துணி காயப்போட்டோம்.

ஜன. 24, சனி
முழங்கால் வலி. செல்வி: "ஏங்க, அவருட்ட இப்பமே சொல்லிருங்க. மேடையில ஏறி முழிக்காதிய."

போனேன். குல்கர்னி கதவைத் திறந்தார். கொடிக்கயிறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். சீ.

ஜன. 25, ஞாயிறு
ஊரின் மறுகோடி ஏரவாடாவிலிருந்து காம்ப்ளே போன். அதே கப்பலில் சமையல்காரன். செல்வி அழைத்திருக்கிறாள், நாளை வருகிறான்.

கப்பல் முகப்பில் பழைய பெயர் இரும்பெழுத்தாகப் பற்றவைத்திருந்தது. நானும் அவனும் பலகையில் தொங்கித் தேய்த்தோம். முழுக்கப் போகவில்லை. போர்க்கப்பல்காரர்கள் "மளிகைக்கடை வந்தாச்சு" என்பார்கள். எனக்கு முகம் சுருங்கும். காம்ப்ளே சிரிப்பான்: "மளிகை இல்லாம இவனுங்க எத்தனை நாள் ஓட்டுவானுங்க?"

புயலடித்த தீவுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோனது இதே கப்பல். மூன்று நாள் தூங்காமல் பம்ப் ஓட்டினேன். அதைக்கூட யாரிடமும் சொன்னதில்லை. எந்தக் கப்பல் என்று கேட்பார்களே.

அதை உடைக்க அனுப்பிய அன்று வழியனுப்பக் கூப்பிட்டார்கள். ஜுரம் என்று சொல்லிவிட்டேன். காம்ப்ளே போனான், அழுதானாம்.

ஜன. 26, திங்கள்
இளவெயில். ஜிலேபி. காம்ப்ளே இரண்டாம் வரிசையில், பழைய தொப்பியோடு.

சொல்லிவிடுவது என்றுதான் மைக்கைப் பிடித்தேன். அதற்குள் முன்வரிசையில் ஒருவர்: "அங்கிள், உங்க கப்பல் எதிரிக் கப்பல் எத்தனையை அடிச்சுது?"

மைக்கைக் கை மாற்றினேன். காம்ப்ளே என்னையே பார்த்தான். பிறகு எழுந்து நின்று இந்தியில் சொன்னான்: "ரெண்டு. நானும் அதுலதான் இருந்தேன். இன்ஜின் ரூம்ல இவர்."

ஒரே கைதட்டல்.

ஜிலேபி தொடவில்லை. பஸ் ஸ்டாப் வரை காம்ப்ளே கூடவே நடந்தேன். அந்தக் கப்பலைப் பற்றி அவன் சொன்ன முதல் பொய். எனக்காக.