ஐம்பத்தெட்டு கிலோ

என் குட்டிப் பிசாசுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்று ஜிம்மில் உன் அம்மா ஐம்பத்தெட்டு கிலோ தூக்கிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில், அவர்கள் இதுவரை தூக்கியதிலேயே இதுதான் அதிகம். கோச் கைதட்டினார். அத்தை சிரிக்கவில்லை.

"அவ எடை இதுதானே மாப்பிள்ளை? அன்னைக்கு பாத்ரூம்ல விழுந்து கிடந்தவளை என்னால தூக்க முடியலையே. இப்பன்னா தூக்கியிருப்பேன்ல?"

"தூக்கியிருப்பீங்க அத்தை," என்றேன்.

தராசுகளைச் சரிபார்ப்பதுதானே என் பிழைப்பு. பழக்கதோஷத்தில் காலையிலேயே அந்த இரும்புத் தட்டுகளை எடை போட்டுப் பார்த்திருந்தேன். மொத்தத்தில் இரண்டு கிலோ குறைகிறது. அத்தையிடம் சொல்ல வாய் வரவில்லை.

எடை விஷயத்தில் நான் பொய் சொன்னால் உனக்குப் பிடிக்காதே. திட்டவாவது ஒருமுறை வாயேன்.

உன் தராசுக்காரன்