மூன்று பேருக்கு ஒரு வரிசை

அன்புள்ள அண்ணா,

"நாம மூணு பேரும் எப்பம்மா ஒரே வரிசையில நிப்போம்?" என்று பாப்பா கேட்டாள். வகுப்பில் யார் எதைக் கேட்டாலும் ஏதோ சொல்லிச் சமாளிப்பவள் நான். ஒன்பது வயதுக்காரியிடம், பல் தேய்த்துவிட்டு வா என்றேன். போனில் பேசினால் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

அவள் கேட்டது விமான நிலையத்தில் நாட்டுவாரியாகப் பாஸ்போர்ட் பார்க்கும் வரிசையை. அவள் அப்பா ஒரு நாட்டுக்காரர், நான் ஒரு நாட்டுக்காரி, இவள் பிறந்தது இந்த மூன்றாவது நாட்டில். பிறந்தபோது அவருடைய நாட்டுப் பாஸ்போர்ட்டையே எடுத்தோம். கொள்கை ஒன்றுமில்லை, அதற்கு விசாத் தொல்லை குறைவு, வரிசையும் சீக்கிரம் நகரும். அவர்கள் இருவரும் முதலில் வெளியேறி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டிகளோடு நின்று எனக்குக் கை காட்டுவார்கள். "உங்கம்மா பெரிய புள்ளி, விசாரிக்காம விடமாட்டாங்க" என்று அவளிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

மாப்பிள்ளையும் கூட ஊருக்கு வருகிறாரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். வரவில்லை. போன வருஷத்திலிருந்து அவர் வேறு வீட்டில் இருக்கிறார். சண்டை இல்லை. சண்டை போடுவதற்காவது ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

பல்கலைக்கழகம் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? மாதக் கடைசியோடு நான் இங்கே தங்கும் அனுமதி முடிகிறது. அவளுடைய பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. அதையே புதுப்பித்தால் நம் வீட்டில் அவள் விருந்தாளிதான். விசா முடிந்ததும் கிளம்ப வேண்டும். அதனால் நம் நாட்டுப் பாஸ்போர்ட் கேட்டுப் போனேன். நமக்கு இரண்டு குடியுரிமை ஆகாது. முதலில் அவருடைய நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டதாகச் சான்று வேண்டும். அதற்கு அவர் தன் தூதரகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நம் தூதரக ஜன்னலில் இருந்தவர் நம்மவர்தான். "மூணு நாடு சொந்தம், கையில ஒரு புத்தகம் இல்ல. ராசிக்காரப் பொண்ணு மேடம்" என்றார். பிறந்த நாட்டைப் பற்றிக் கேட்காதே. பிறந்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது, அதோடு சரி.

அவருடைய தூதரகத்தில் இரண்டு தடவை நாள் வாங்கினேன். இரண்டு தடவையும் அவருக்கு மீட்டிங். இன்று போன் செய்தேன். "கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் என் பொண்ணைப் பார்க்க நான் விசாவுக்கு நிக்கணும். யோசிச்சியா?" என்றார். யோசித்தேன். இத்தனை வருஷம் நான் நின்ற வரிசைதானே அது என்று வாய் வரை வந்தது. சொன்னால் கையெழுத்து கிடைக்காது. நாளைக் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் வராவிட்டால் நான் மட்டும் கிளம்ப வேண்டும், அவள் அவரோடு.

புதிய படம் எடுக்க அவளைக் கூட்டிப்போனேன். சிரிக்கக் கூடாது, வாயை மூடியிருக்க வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் ஆரம்பித்தார். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இடம் பேசி வைத்ததற்கு அண்ணியிடம் நன்றி சொல். அப்பா எப்போது வருவார் என்று அவளிடம் யாரும் கேட்க வேண்டாம் என்றும் சொல். நாங்கள் இருவரும் வந்து இறங்கும்படி ஆனால், நீ வெளியே காரில் காத்திருக்காதே. உள்ளே வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நில். அவளுக்கு அங்கே யாராவது நின்று கை காட்ட வேண்டும்.

எல்லாரும் நன்றாக இருங்கள்.

உன் தங்கை

நேற்று இதைத் தபாலில் சேர்க்கவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அவர் வந்தார், எங்களுக்கு முன்பே. அவருடைய தூதரகத்தில் எல்லாருக்கும் ஒரே வரிசைதான். மூவரும் அதில் நின்றோம், அவள் நடுவில். எங்கள் முறை நெருங்கியதும் அவள் பின்னால் திரும்பி, அடுத்து நின்றவரை முதலில் போகச் சொன்னாள். பிறகு அவருக்கு அடுத்தவரை. அதற்கும் அடுத்து, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணை. நான் தடுக்கவில்லை. அவரும் தடுக்கவில்லை. ஜன்னலை மூடப்போகிறோம் என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோது, "போதும்டா, வா" என்று அவர்தான் அவள் தோளைத் தொட்டு முன்னே நடந்தார். பேனா கொண்டு வரவில்லை. என்னுடையதைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.